மகளுக்கு 25,000 ரூபாயில் லேப்டாப்: புதிய குட்டியா, பழைய கம்பெனி லேப்டாப்பா?

மணப்பாறையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"என் மகள் திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள், பாதி நாள் நின்றுகொண்டுதான். நான் தையல் தைக்கிறேன். சீட்டு எடுத்த பணம் 25,000 ரூபாய் இருக்கிறது, அதற்குமேல் ஒரு ரூபாய்கூட முடியாது. பையில் அடங்குகிற சின்ன லேப்டாப்பாக வேண்டும். ஆன்லைனில் புதிய 11.6 இன்ச் லேப்டாப் 18,990 ரூபாய்க்குப் பார்த்தோம். செலரான் என்4020, 4 ஜிபி ராம், 64 ஜிபி என்று போட்டிருக்கிறது. திருச்சியில் ஒரு கடையில் பழைய ஐ5 லேப்டாப், 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, 22,500 ரூபாய் என்கிறார்கள். பழையதை வாங்கி ஏமாந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. குரோம்புக் வாங்கு என்று அவளுடைய தோழி சொல்கிறாளாம். எதை வாங்குவது? கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?"

கடிதத்தின் அடியில் வேறு பேனாவில் மகள் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "கீபோர்டு நல்லா இருக்கணும் சார்."

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் புதிய 11.6 இன்ச் லேப்டாப்பை வாங்காதீர்கள். ஐ5 என்பது இன்டெல் கம்பெனியின் ப்ராசஸர், லேப்டாப்பின் மூளை. கடைக்காரர் சொல்லும் அந்த ஐ5 எட்டாவது தலைமுறை என்றால், நேரில் பார்த்துச் சோதித்து அந்த லேப்டாப்பை வாங்குங்கள். ஏழாவது தலைமுறை என்றால் அதையும் விட்டுவிட்டு வேறு கடை பாருங்கள். ஏன் என்று இனி சொல்கிறேன்.

நீங்கள் தையல்காரர் என்பதால் உங்களுக்கு இது சட்டென்று புரியும். வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தானே தைப்பீர்கள்? அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் போதும், அதே சட்டை இன்னும் ஒரு வருஷம் வரும். இந்த விலையில் கிடைக்கும் குட்டி லேப்டாப்களில் உள்ளே துணி விடுவதே இல்லை. ராமும் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகம்) சேமிப்பு இடமும் பெரும்பாலும் போர்டிலேயே கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்பட்டிருக்கும். முதல் நாள் என்ன அளவோ கடைசி நாளும் அதுதான்.

சென்ற ஆண்டு என் சர்வீஸ் மேசைக்கு இதே ரக லேப்டாப் ஒன்று வந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு பையனும் அவன் அப்பாவும் கொண்டுவந்தார்கள். வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. "ரொம்ப ஸ்லோவா இருக்கு, வைரஸ் வந்திருச்சு போல" என்றார் அப்பா. திறந்து பார்த்தேன். வைரஸ் எதுவும் இல்லை. சி டிரைவின் பட்டை சிவப்பாக நின்றது, ஒரு ஜிபி சொச்சம்தான் காலி. விண்டோஸ் அப்டேட் இறங்குவதற்கு இடமில்லாமல் பாதியில் நின்றிருந்தது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது மறுபடி முயல்கிறது, மறுபடி தோற்கிறது. வேறு டிஸ்க் போட்டுத் தரச் சொன்னார் அப்பா. பின்மூடியைக் கழற்றி அவருக்குக் காட்டினேன். கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒரு சிப், போர்டோடு போர்டாக ஒட்டியிருந்தது. வேறு டிஸ்க் செருகுவதற்கு ஒரு துளைகூட அதில் கிடையாது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்தச் சிப்பின் பெயர் இஎம்எம்சி. விலை குறைந்த போன்களில் இருக்கும் அதே வகைச் சேமிப்பு. பெட்டியில் 64 ஜிபி என்று இருந்தாலும் விண்டோஸில் 58 ஜிபி அளவுக்குத்தான் காட்டும். அதில் விண்டோஸ் 11-ம் அதன் அப்டேட்களும் 30 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஆஃபீஸ், குரோம், டேலி, பாடக் குறிப்புகள், வாட்ஸ்அப்பில் வந்து இறங்கும் பிடிஎஃப்கள். முதலாண்டு முடிவதற்குள் நிரம்பிவிடும். ராமும் அப்படித்தான். விண்டோஸ் திறந்த உடனேயே 4 ஜிபியில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. எக்செல் ஒன்று, குரோமில் நாலைந்து டேப், நடுவில் ஆன்லைன் வகுப்பு என்றால் கர்சர் நகராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 11 ஓடுவதற்கு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கும் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம்தான். நீங்கள் பார்த்தது சரியாக அந்தக் குறைந்தபட்ச அளவில்தான் நிற்கிறது. மூன்று வருஷப் படிப்புக்கு அது தாங்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதியது என்று நாம் நினைப்பது பெட்டியைத்தான். உள்ளே இருக்கும் செலரான் என்4020 ப்ராசஸர் 2019 கடைசியில் வந்தது, இரண்டே கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் பகுதி இரண்டுதான். 2023-லிருந்து இன்டெல் புதிய லேப்டாப் ப்ராசஸர்களுக்கு செலரான் என்ற பெயரையே வைப்பதில்லை. நீங்கள் பழையது என்று பயப்படுகிற எட்டாவது தலைமுறை ஐ5, உதாரணத்துக்கு ஐ5-8250யு, 2017-ல் வந்தது. நான்கு கோர். இரண்டுக்கும் நடுவே வயது வித்தியாசம் இரண்டு வருஷம்தான், வேலைத் திறனில் உள்ள வித்தியாசமோ மிகப் பெரியது. குட்டி லேப்டாப்புக்கும் நல்ல பக்கம் உண்டு. மின்சாரம் குறைவாகக் குடிக்கும், ஃபேன் இல்லாததால் சத்தமே வராது. பள்ளிப் பிள்ளை வீடியோ பாடம் பார்க்கவும், ஒருவர் வெறும் கட்டுரை டைப் செய்யவும் அது போதும். கணக்குப் படிக்கும் பெண்ணுக்குப் போதாது.

இப்போது பழைய லேப்டாப்புக்கு வருவோம். இந்தக் கடைகளில் விற்கும் பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவை தனி ஆட்கள் வீட்டில் வைத்திருந்தவை அல்ல. சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் கம்பெனிகள் மொத்தமாக வாங்கியோ லீஸுக்கு எடுத்தோ மூன்று நான்கு வருஷம் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பவை. அலுவலகத்துக்கென்றே செய்த மாடல்கள் என்பதால் கீல், கீபோர்டு, பாடி எல்லாம் கெட்டியாக இருக்கும். திறந்து பழுது பார்க்கவும் சுலபம், பாகங்களும் கிடைக்கும். என்னைப் போன்றவர்களுக்கு இவைதான் கை பழகிய லேப்டாப்கள்.

ஆனால் "ஐ5" என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஐ5-க்குப் பிறகு ஒரு சிறு கோடும் நான்கு இலக்க எண்ணும் வரும். ஐ5-7200யு என்றால் ஏழாவது தலைமுறை, இரண்டு கோர். ஐ5-8250யு, ஐ5-8350யு என்றால் எட்டாவது தலைமுறை, நான்கு கோர். முதல் இலக்கம் ஏழிலிருந்து எட்டாகிறது, கோர் இரட்டிப்பாகிறது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஆதரவு தருவதும், சில விதிவிலக்குகளைத் தவிர, எட்டாவது தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆறாவது, ஏழாவது தலைமுறை லேப்டாப்களிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி விற்கிறார்கள். கடையில் நன்றாகத்தான் ஓடும். பிறகு பெரிய அப்டேட் வரும்போது தொல்லை கொடுக்கும்.

பஸ் பயணத்துக்கு என்ன செய்வது? சின்னதாக வேண்டும் என்று நீங்கள் கேட்பது மிகச் சரி. எட்டாவது தலைமுறையிலேயே 12.5, 13.3 இன்ச் கம்பெனி மாடல்கள் இருக்கின்றன. ஒன்றேகால் கிலோ, கொஞ்சம் கூடலாம். அந்த 11.6 இன்ச் லேப்டாப்பும் ஏறக்குறைய அதே எடைதான். லெனோவோ திங்க்பேட் எக்ஸ்280, டெல் லாட்டிட்யூட் 7290, 7390, எச்பி எலைட்புக் 830 ஜி5 என்று கேளுங்கள். எல்லாம் கடைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர்கள். இவற்றில் என் விருப்பம் எலைட்புக் 830 ஜி5. அதில் ராம் போட இரண்டு ஸ்லாட் உண்டு, நாளைக்கு 8 ஜிபியை 16 ஆக்கலாம். ஒரு சிறு விஷயம்: அதில் சிலவற்றுக்குப் பக்கத்து ஆள் எட்டிப் பார்க்க முடியாதபடி பிரைவசி ஸ்கிரீன் இருக்கும், அந்த ரகத்தில் வெளிச்சம் மங்கலாகத் தெரியும். சாதாரண ஸ்கிரீன் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்280-ன் கீபோர்டு மகளுக்குக் கட்டாயம் பிடிக்கும், ஆனால் அதில் ராம் போர்டோடு சேர்ந்தது. 4 ஜிபி உள்ளதைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், 8 ஜிபி என்றால் வாங்கலாம். எதுவானாலும் ராம் இப்போதே 8 ஜிபி இருக்க வேண்டும். 4 ஜிபியோடு வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டது.

ஸ்கிரீனில் 1920-க்கு 1080 என்ற ஃபுல் எச்டி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாடல்களில் சிலவற்றில் 1366-க்கு 768 உள்ள மலிவு ஸ்கிரீனும் வந்திருக்கிறது. எக்செல் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரியும், மலிவு ஸ்கிரீனில் ஒரே நேரத்தில் குறைவான வரிசைகளே தெளிவாகத் தெரியும். தினமும் பேரேடு பார்க்கும் கண்ணுக்கு அது பெரிய வித்தியாசம்.

கடைக்குப் பகலில் போங்கள், மகளையும் கூட்டிப் போங்கள், அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். முதலில் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போனால் ப்ராசஸரின் முழுப் பெயரும் ராம் அளவும் இருக்கும். மகளை நோட்பேட் திறந்து ஒவ்வொரு எழுத்தாக எல்லா கீயையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பேஸ்பாரின் இரண்டு ஓரம், என்டர், பேக்ஸ்பேஸ், இவைதான் முதலில் தேய்பவை. அந்த வெள்ளைப் பக்கத்தையே முழு ஸ்கிரீனுக்கு விரித்தால் வெள்ளைத் திட்டு, கோடு, கறுப்புப் புள்ளி ஏதாவது இருந்தால் தெரிந்துவிடும். மூடியை மெதுவாகத் திறந்து மூடுங்கள். கடகடவென்று சத்தம் வந்தாலோ, நடுவில் விட்டால் நிற்காமல் விழுந்தாலோ கீல் போய்விட்டது என்று பொருள். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் வைஃபை இணைத்து ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். சார்ஜரைச் செருகிக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள், சார்ஜ் ஏறுவது விட்டு விட்டு வரக் கூடாது.

பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்கிரீனில் 100 சதவீதம் என்று காட்டுவதில் ஒன்றும் இல்லை. தேய்ந்த பேட்டரியும் நிரம்பினால் 100 என்றுதான் காட்டும். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்க ஒரு கட்டளை இருக்கிறது, கடைக்காரருக்குத் தெரியும், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும். முதல் எண் பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு, இரண்டாவது இன்று இருப்பது. முதலாவது 48,000 என்றும் இரண்டாவது 36,000 என்றும் இருந்தால் முக்கால்வாசி மிச்சம், தாராளமாக வாங்கலாம். 24,000 என்றால் பாதி போய்விட்டது, புதிய பேட்டரி போட்டுக் கொடுங்கள் அல்லது விலையைக் குறையுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கல்லூரியில் எல்லா பெஞ்சுக்கும் பிளக் பாயின்ட் இருக்காது, ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்.

பூட்டு பற்றிப் பலர் சொல்ல மாட்டார்கள். கம்பெனி லேப்டாப் என்பதால் பழைய கம்பெனியின் பூட்டு உள்ளே தங்கியிருக்கலாம். கடைக்காரரை ரீஸ்டார்ட் செய்து பயோஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரைக்குள், போய்க் காட்டச் சொல்லுங்கள். அங்கே பாஸ்வேர்ட் கேட்டால் அந்த லேப்டாப் வேண்டாம். அதே போல விண்டோஸை ரீசெட் செய்து முதல்முறை அமைக்கும்போது ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, அந்த அலுவலக இமெயிலைக் கேட்டால் அது இன்னும் அவர்கள் கணக்கிலிருந்து விடுபடவில்லை. நேரம் இருந்தால் உங்கள் கண் முன்னாலேயே ரீசெட் செய்து, மகளின் இமெயில் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த லேப்டாப்கள் பெரும்பாலும் அசல் விண்டோஸ் ப்ரோ கீயோடுதான் வந்திருக்கும், திருட்டு விண்டோஸுக்கு அவசியமே இல்லை.

பில்லில் லேப்டாப்பின் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். எத்தனை மாத வாரன்டி, பேட்டரிக்கும் ஸ்கிரீனுக்கும் சேர்த்தா என்பதை எழுதி வாங்குங்கள். பேச்சில் ஒரு வருஷம் என்பார்கள், பில்லில் ஒரு மாதம் என்று இருக்கும். விலை கொஞ்சம் குறையும் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு, அதாவது சென்னைக்குப் போக நினைக்காதீர்கள். ஏதாவது என்றால் மகள் கல்லூரி விட்டு வரும் வழியிலேயே கொடுத்து வாங்குகிற தூரத்தில் கடை இருப்பதுதான் உங்களுக்கு லாபம்.

குரோம்புக் என்பது விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப். நல்ல பொருள்தான், நான் குறை சொல்லவில்லை. இணையத்திலேயே எல்லா வேலையும் முடிகிறவர்களுக்கு அது விண்டோஸைவிடத் தொல்லை இல்லாதது. ஆனால் டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது, குரோம்புக்கில் நேரடியாக ஏற்ற முடியாது. 16,499 ரூபாய்க்கு 2023-ல் வந்த, விண்டோஸ் இல்லாத ஜியோபுக்குக்கும் இதே பதில்தான். சி.ஏ. என்று பெயரிலேயே கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பி.காமுக்கு இவை ஒத்துவராது.

டேலிக்கு இப்போது காசு கொடுக்க வேண்டாம். டேலி பிரைமை அவர்கள் தளத்திலிருந்து இறக்கி எஜுகேஷனல் மோடில் இலவசமாக ஓட்டலாம். முக்கியக் கட்டுப்பாடு, வவுச்சர், அதாவது வரவு செலவுப் பதிவு, போடும்போது மாதத்தின் ஒரு சில தேதிகளை மட்டும்தான் ஏற்கும். பாடம் பழகுவதற்கு அது தாராளம். எக்செலுக்குப் பதில் வீட்டில் லிப்ரேஆஃபீஸ் போட்டுக்கொள்ளலாம், அதுவும் இலவசம். ஆன்டிவைரஸ் வாங்கச் சொல்லிக் கடையில் கேட்பார்கள், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும்.

மகளுக்கு ஒரு வார்த்தை. அம்மா, நீ கீபோர்டைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. இந்தச் சின்ன லேப்டாப்கள் எதிலும் வலது பக்கம் நம்பர் பேட் இருக்காது. டேலியில் நாள் முழுக்க எண் அடிக்க அது வேண்டும். யுஎஸ்பியில் செருகும் தனி நம்பர் பேட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மிச்சமாகும் 2,500 ரூபாயில் முதலில் அதையும், ஓரம் மெத்தென்று இருக்கும் ஒரு லேப்டாப் உறையையும் வாங்கு. பஸ்ஸில் நிற்கும்போது பையை முதுகில் போடாதே, முன்பக்கம் போட்டுக்கொள். என்னிடம் வரும் உடைந்த ஸ்கிரீன்களில் நிறைய, கூட்டம் நெருக்கியதில் உடைந்தவை. மீதிப் பணத்தை அம்மாவிடமே கொடுத்து வை, ஒன்றிரண்டு வருஷத்தில் பேட்டரி மாற்ற வேண்டி வரலாம்.

சகோதரி, பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் தருவதாகத் தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. மகளின் கல்லூரியும் பாடப்பிரிவும் அதில் வருகிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். வருகிறது என்றால் சீட்டுப் பணம் அப்படியே இருக்கட்டும். வராது என்றால் அந்தத் திருச்சிக் கடைக்கு ஒரு போன் போட்டு, ஐ5-க்குப் பிறகு வரும் நான்கு இலக்க எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எட்டில் ஆரம்பித்தால் சனிக்கிழமை கிளம்புங்கள். ஏழில் ஆரம்பித்தால் பஸ் ஏற வேண்டாம், அடுத்த கடைக்குப் போன் போடுங்கள்.